சிறைக்குப் பிறகு: பாகவதரும் கலைவாணரும்

தமிழ்த் திரையின் பாடும் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கையை யார் எழுதினாலும் கதை ஏறத்தாழ ஒரே சட்டகத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. எளிய குடும்பத்தில் பிறந்தவர் பாட்டால் உயர்ந்தார். செல்வமும் புகழும் யாரும் அதுவரை காணாத அளவில் குவிந்தன. ‘ஹரிதாஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்தபோது பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கிச் சிறை சென்றார். விடுதலையாகி வெளியே வந்தபோது எல்லாம் போயிருந்தது. கேட்பவர் மனத்தில் உடனே பதியக்கூடிய கதை இது என்பதால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடைப் பேச்சிலும் வார இதழ்த் தொடர்களிலும் இப்போது காணொளிகளிலும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. சிறைதான் அவரை வீழ்த்தியது என்பது அதன் முடிவு.

இந்த முடிவை என்னால் ஏற்க முடிந்ததில்லை. அதற்கு ஒரே காரணம் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன். அதே வழக்கில், அதே குற்றச்சாட்டில், அதே தண்டனை பெற்று, அதே நாளில் விடுதலையானவர் அவர். வெளியே வந்தபின் அவர் படம் தயாரித்தார், இயக்கினார், பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக்கினார், அண்ணாதுரையைத் திரைக்கு எழுத வைத்தார், கலைவாணர் என்ற பட்டமும் பெற்றார். சிறை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இருவருக்கும் ஒன்றே நேர்ந்திருக்க வேண்டும். நேரவில்லை. எனவே காரணத்தை, அவ்விருவரும் சிறைக்குப் போவதற்கு முன்பு எப்படித் தொழில் செய்துவந்தார்கள் என்பதில் தேட வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பாகவதர் 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பமொன்றில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ரயில்வே அதிகாரியாகவும் நாடகப் பித்தராகவும் இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர், தம்முடைய ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திர நாடகத்தில் இந்தச் சிறுவனை லோகிதாசனாக மேடையேற்றினார். பிறகு மதுரைப் பொன்னு ஐயங்காரிடம் முறையான கர்நாடக சங்கீதப் பயிற்சி. நாடகக் கம்பெனிகளில் வளர்ந்த பையன்கள் பலருக்கும் அந்நாளில் மெட்டுகள் தெரியும். ஆனால் கச்சேரி மேடையில் உட்காரும் அளவுக்குப் பாடாந்தரம், அதாவது குருவழிக் கற்ற பாட்டுச் சரக்கு, உள்ளவர்கள் குறைவு. பாகவதர் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றார் என்பதுதான் அவருடைய முதல் பலம்.

இரண்டாவது பலம் அந்தக் குரலின் உயரம். ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்காரர் வரை கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் பாடியாக வேண்டும். அப்படிப் பாடியவர்களில் பெரும்பாலோர் கத்தினார்கள் என்றுதான் பழைய இசைத்தட்டுகளைக் கேட்கும்போது தோன்றுகிறது. பாகவதர் அந்த உயரத்தில் நின்றுகொண்டு நெகிழ்ந்தார், குழைந்தார், பிருகா என்னும் வேகமான சுர அசைவுகளை உதிர்த்தார், அதே வேளையில் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. சங்கீதம் தெரியாதவருக்கும் வரிகள் புரிந்தன. தெரிந்தவருக்கும் ராகம் குறையவில்லை. பாபநாசம் சிவனின் சாகித்தியமும் ஜி. ராமநாதனின் இசையமைப்பும் இதனோடு சேர்ந்தபோது, ‘சிவகவி’யின் ‘வதனமே சந்திர பிம்பமோ’ போன்ற பாட்டுகள் பிறந்தன. அவற்றுக்கு இன்னும் வயதாகவில்லை.

மேடையில் வெற்றிபெற்ற ‘பவளக்கொடி’ நாடகமே 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாயிற்று. இயக்குநருக்கும் கதாநாயகி எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் நாயகனுக்கும் அதுவே முதல் படம். 1937 அவருடைய ஆண்டு. மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்த ‘சிந்தாமணி’ ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் லாபத்தில்தான் மதுரையில் சிந்தாமணி திரையரங்கு எழுந்தது என்று அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். அதே ஆண்டில் ‘அம்பிகாபதி’யும் வந்தது. அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். உரையாடல் எழுதியவர் இளங்கோவன். பிறகு ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று பட்டியல் குட்டையானதுதான். முதல் படத்திலிருந்து கைதானது வரையான பத்தாண்டுகளில் அவர் நடித்து வெளிவந்தவை பத்துக்கும் குறைவு. அத்தனை குறைவான படங்களில் அத்தனை பெரிய செல்வாக்கைப் பெற்றவர் தமிழில் வேறு யாருமில்லை. பிடரிவரை புரண்ட அவருடைய முடிக்குப் பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. ஊர் ஊராக இளைஞர்கள் அப்படி முடி வளர்த்தார்கள்.

இந்தப் படங்கள் உருவான விதத்தைக் கவனியுங்கள். கதையை ஒருவர் கொண்டுவருகிறார், உரையாடலை இன்னொருவர், பாட்டை மற்றொருவர், இசையை வேறொருவர். எல்லாம் தயாரானதும் நடுவில் வந்து பாகவதர் பாடுகிறார். சொந்தமாகப் படம் எடுத்திருக்கிறார் என்றாலும், தொழிலுக்கு வேண்டிய ஆள்கட்டு எதையும் அவர் நிரந்தரமாகத் தம்மைச் சுற்றி வைத்துக்கொள்ளவில்லை. தேவையும் இருக்கவில்லை. குரல் இருக்கும்வரை மற்றவை தேடி வரும் என்பது பத்தாண்டு அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

கிருஷ்ணனின் பாதை வேறு. நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வறுமையான வீடு. வில்லுப்பாட்டு காதில் விழுந்துகொண்டே வளர்ந்தவர். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, வேடம் கட்டுவது முதல் கூட்டத்தைச் சமாளிப்பது வரை எல்லா வேலையையும் கற்றார். 1935இல் ‘மேனகா’, 1936இல் ‘சதிலீலாவதி’ என்று திரைக்கு வந்த உடனேயே அவர் செய்துகொண்ட ஏற்பாடுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. படத்தின் கதை யாருடையதாக இருந்தாலும், நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதி, தம் குழுவினரைக் கொண்டே நடித்து, தாமே மேற்பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார். முதன்மைக் கதையோடு அது பல சமயம் ஒட்டாது. ‘அம்பிகாபதி’ போன்ற படங்களில்கூட இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுபோல் இருக்கும். அழகியல் நோக்கில் அது குறைதான். ஆனால் தொழில் நோக்கில் அவர் சம்பளத்துக்கு நடிக்கும் சிரிப்பு நடிகர் அல்லர், படத்துக்குள்ளேயே தனியாக ஒரு சிறிய கம்பெனி நடத்தியவர்.

அந்தக் கம்பெனியின் சரிபாதி டி.ஏ. மதுரம். ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனேவுக்குப் போன பயணத்தில் இருவரும் சந்தித்தார்கள் என்பது பலரும் அறிந்தது. மதுரத்தைப் பின்பாட்டுக்காரர்போல எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிருஷ்ணன் அளந்துவிடும் கதைகளைக் குறுக்கே மடக்கி, கணவனுடைய வீறாப்பை ஒரே பார்வையில் உடைத்து, அந்த நகைச்சுவைக்கு ஓர் எதிர்க்கட்சியைத் தந்தவர் அவர். அவர் இல்லாத கிருஷ்ணன் காட்சிகளில் பேச்சு நீண்டுவிடுகிறது.

இனி வழக்கு. சி.என். லட்சுமிகாந்தன் நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதி இதழ் நடத்தியவர். முதலில் ‘சினிமா தூது’. அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பாகவதர், கிருஷ்ணன், கோவை பட்சிராஜா பட நிறுவனத்தின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் சென்னை மாகாண ஆளுநரிடம் மனுக்கொடுத்தார்கள்; உரிமம் போயிற்று. அவர் ‘இந்துநேசன்’ என்ற வேறோர் இதழைக் கையில் எடுத்து முன்பைவிட உக்கிரமாக எழுதினார். 1944 நவம்பரில், வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் கைதுகள் நடந்தன. 1945இல் ஜூரியுடன் நடந்த விசாரணையின் முடிவில் நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்தர தண்டனை, அதாவது ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறுபடி விசாரிக்கும்படி உத்தரவு வந்து, வி.எல். எதிராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள். உண்மையில் கொன்றது யார் என்பதைப் பற்றி இன்றுவரை ஊகங்கள் உண்டு. அவற்றைக் கிளற எனக்கு விருப்பமில்லை. இருவரும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார்கள் என்பதே இங்கு வேண்டியது.

அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? பாகவதருக்கு முதலில் நடந்தது அவருடைய எதிரிகள் எதிர்பார்த்திராதது. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டேயிருந்தது. நாயகன் கைதானான், ஓடியது. தண்டனை பெற்றான், ஓடியது. மேல்முறையீடு தோற்றது, அப்போதும் ஓடியது. ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. கொலைவழக்குக் கைதி ஒருவர் திரையில் தோன்றி, தாசியின் வலையில் விழுந்து பெற்றோரைத் துரத்திவிட்டு, பிறகு திருந்தி இறைவனையும் அன்னை தந்தையையும் தொழுது பாடுவதைச் சென்னை மக்கள் வாரம் தவறாமல் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ என்ற பாட்டை நாடே முணுமுணுத்தது. ரசிகர்கள் அவரை வெறுத்து ஒதுக்கினார்கள், களங்கம் அவரை அழித்தது என்று சொல்கிறவர்கள் பிராட்வே வாசலில் நின்ற கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் படம் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததற்குப் போரும் ஒரு காரணம். பிலிம் தட்டுப்பாட்டால் படங்கள் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. முந்தைய தசாப்தத்தில் ஐம்பது பாட்டுகள் வரை நிரப்பி மூன்றரை மணி நேரம் ஓட்டியவர்கள், அந்த வரம்புக்குள் கதை சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ‘ஹரிதாஸ்’ படத்தை இன்று பார்க்கும் ஒருவருக்கு அலுப்புத் தட்டாமல் இருப்பதற்கு இந்தக் கட்டாயச் சிக்கனத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ஓடியது பழைய படம். புதியது எதுவும் வரவில்லை, வரவும் முடியாது. ஏனென்றால் பாகவதர் தொழிலில் பாகவதரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவரை வைத்துத் தொடங்கிய ‘உதயணன் வாசவதத்தா’வில் அவருக்குப் பதிலாகக் கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார். மற்றத் தயாரிப்பாளர்களும் வேறு வழி பார்த்தார்கள். காத்திருப்பதற்கு அவர்களுக்கு வட்டி அனுமதிக்காது.

கிருஷ்ணன் வீட்டில் நிலைமை வேறு. என்.எஸ்.கே. நாடக சபா அவர் இல்லாமலேயே நடந்தது. நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமம் நிர்வாகத்தை ஏற்றார், மதுரம் மேடையில் நின்றார், வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டும் வேலையும் அதன் வழியாகவே நடந்தது. சபாவுக்குள் பிணக்கு ஏற்பட்டு நடிகர் கே.ஆர். ராமசாமி பிரிந்து போனபோதுகூட, அவர் தொடங்கிய புதிய குழுவுக்கு வைத்த பெயர் கிருஷ்ணன் நாடக சபா. அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’யும் ‘ஓர் இரவு’ம் அந்த மேடையில்தான் அரங்கேறின. அதாவது கிருஷ்ணன் சிறைக்குள் இருந்தபோது, அவர் பெயர் தாங்கிய மேடையில் அடுத்த பத்தாண்டுத் தமிழ் சினிமாவின் நடை உருவாகிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் சகஸ்ரநாமமும் மதுரமும் கிருஷ்ணன்–பஞ்சு என்ற இரட்டையர் (இந்தக் கிருஷ்ணன் வேறொருவர்) இயக்கத்தில் ‘பைத்தியக்காரன்’ படத்தைத் தொடங்கினார்கள். எம்.ஜி. ராமச்சந்திரனும் அதில் உண்டு. படம் முடியும் தறுவாயில் கிருஷ்ணன் விடுதலையாகி வர, அவருக்கும் ஒரு பகுதியைச் சேர்த்து 1947இல் வெளியிட்டார்கள். சிறையிலிருந்து வந்தவருக்கு வேலை தேடும் அவசியமே ஏற்படவில்லை. நடந்துகொண்டிருந்த வேலையில் வந்து கலந்துகொண்டார்.

பாகவதர் என்ன செய்தார்? விடுதலையானபின் உடனே ஒப்பந்தங்களில் பாயாமல், கோயில்களுக்குப் போனார், கச்சேரி செய்தார். பிறகு தாமே தயாரிப்பில் இறங்கி ‘ராஜமுக்தி’யை எடுத்தார். அதைச் சென்னையிலோ கோவையிலோ எடுக்காமல் புனே பிரபாத் ஸ்டூடியோவில் எடுத்தார். உரையாடல் எழுதப் புதுமைப்பித்தன் போனார். அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் இறந்தார். தமிழ் உரைநடையின் மிகக் கூர்மையான எழுத்தாளரும் தமிழ்த் திரையின் மிக இனிமையான குரலும் சேர்ந்த ஒரே படம் அது. இருவரில் எவருடைய சிறப்பும் அதில் வெளிப்படவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். இசை சி.ஆர். சுப்பராமன், பி. பானுமதியும் வி.என். ஜானகியும் நடித்தார்கள், எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாடினார், எம்.ஜி. ராமச்சந்திரனும் இருந்தார். ஆள் பலத்தில் குறையே இல்லை. படம் தோற்றது. குரல் போய்விட்டதா என்றால், இல்லை. அந்தப் படத்தின் இசைத்தட்டுகளைக் கேட்கும் எவரும் குரலைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மறுவருடமே, 1949இல், ‘நல்லதம்பி’ வந்தது. அண்ணாதுரை திரைக்கென்று எழுதியது, கிருஷ்ணன் நாயகன். எதிர்பாராமல் ஜமீன் சொத்து வந்து சேரும் ஓர் எளிய மனிதன் அதை ஊருக்காகச் செலவழிக்கத் துணிகிறான் என்பது கதை. மதுவிலக்குப் பிரச்சாரமும் உண்டு. அதில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நந்தனார் சரித்திரம் தெரிந்த கூட்டத்துக்கு முன்னால், அதே கதாகாலட்சேப வடிவத்தில், தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த சிறுவன் ஒருவன் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிற கதையை உடுமலை நாராயண கவியின் சொற்களில் கிருஷ்ணன் நடத்திக்காட்டுகிறார். நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான், கிந்தன் கல்விக்கு ஏங்குகிறான். பக்தியைக் கேலி செய்யாமல், பக்தியின் மேடையையே இரவல் வாங்கி வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போகும் அந்தச் சாமர்த்தியம், நீண்ட காலம் வில்லுப்பாட்டும் காலட்சேபமும் கேட்டு வளர்ந்தவருக்குத்தான் வரும். படமாகப் பார்த்தால் ‘நல்லதம்பி’ ஆங்காங்கே தொய்கிறது. அந்தப் பகுதி தொய்யவில்லை.

1952ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அவ்வாண்டில் ‘அமரகவி’ வந்தது. பாகவதர், டி.ஆர். ராஜகுமாரி, கிருஷ்ணன், மதுரம் என்று ‘ஹரிதாஸ்’ படத்தின் முகங்களே மறுபடி கூடிய படம். எட்டாண்டுகளுக்கு முன்பு மூன்று தீபாவளி கண்ட கூட்டணி, இப்போது எடுபடவில்லை. ‘சியாமளா’வும் அதே ஆண்டு, அதே கதி. அவ்வாண்டுத் தீபாவளிக்குத்தான் ‘பராசக்தி’ வெளியாயிற்று. அது வந்த சில வாரங்களில், சிவாஜி கணேசன் நடித்த ‘பணம்’. மு. கருணாநிதி எழுத, என்.எஸ். கிருஷ்ணன் இயக்கினார்; விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்ற இரட்டையர் பெயர் முதலில் திரையில் வந்ததும் அதில்தான். தி.மு.க. என்ற எழுத்துகளை ‘தீனா மூனா கானா’ என்று நீட்டிப் பாடி, திருக்குறள் முன்னேற்றக் கழகம் என்று விரித்துக்காட்டிய குறும்பும் அதில் உண்டு. ஆக ஒரே மனிதர் ஒரே ஆண்டில் தோற்ற பழைய படத்திலும் இருந்தார், புதிய அலையிலும் இருந்தார். அவரால் இரண்டு இடத்திலும் இருக்க முடிந்தது. பாகவதரால் ஓரிடத்தில்தான் முடிந்தது.

பாட்டுக்காலம் முடிந்து பேச்சுக்காலம் வந்தது, அதுதான் காரணம் என்று சொல்வதும் வழக்கம். பாதி உண்மை. பாகவதர் படங்களின் உரையாடல் எழுத்தாளரான இளங்கோவனே தமிழ்த் திரைப் பேச்சுக்கு முதல் மெருகு கொடுத்தவர். ‘கண்ணகி’ உரையாடலுக்காகவே கொண்டாடப்பட்டது 1942இல். நல்ல தமிழ் பேசும் திரை பாகவதரின் காலத்திலேயே வந்துவிட்டது. அதுபோல பாடும் நடிகர்களும் 1947ஓடு ஒழிந்துவிடவில்லை. பி.யு. சின்னப்பா 1949இல் ‘மங்கையர்க்கரசி’யில் முன்னணியில்தான் இருந்தார், 1951இல் இறக்கும்வரை அவருக்குப் படங்கள் இருந்தன. டி.ஆர். மகாலிங்கம் விழுந்தார், பிறகு 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யோடு எழுந்தார். புதிய நாயகன் கே.ஆர். ராமசாமியே பாடி நடித்தவர்தான். புராண, ராஜா ராணிக் கதை அலுத்துவிட்டது என்பதும் சரியல்ல. 1950இல் வென்ற ‘மந்திரிகுமாரி’ குண்டலகேசிக் கதையை வைத்து எழுந்த ராஜா ராணிப் படமே.

மாறியது, படத்தில் யாருடைய குரல் கேட்க வேண்டும் என்பது. ‘சிவகவி’யிலும் ‘ஹரிதாஸ்’ படத்திலும் நாயகன் பாவம் செய்கிறான், தண்டனை பெறுகிறான், உருகிப் பாடி மன்னிப்புப் பெறுகிறான், இறைவன்தான் முறையிடும் இடம். சுதந்திரத்துக்குப் பிந்தைய நாயகன் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறான், சில சமயம் நீதிமன்றத்தைப் பார்த்தே பேசுகிறான். தண்டனை கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கிறான். உண்மையில் தவறான தீர்ப்பொன்றால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த நடிகருக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இருக்க முடியாது. பாகவதர் அந்தக் கோபத்தைத் திரைக்குக் கொண்டுவரவே இல்லை. அவருடைய பக்தி வேடமல்ல, இயல்பு. சிறை அதை ஆழப்படுத்தியது என்றுதான் அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்போது நினைக்கத் தோன்றுகிறது. அதை மாற்றிக்கொள்ளும்படி கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு சகஸ்ரநாமமோ, ஒரு மதுரமோ, ஒரு அண்ணாதுரையோ இருந்திருந்தால், அந்தக் குரலுக்கு வேறு ஏதோ ஒரு கதை கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது மனிதரையும் மறந்துவிடக் கூடாது. விடுவிக்கப்பட்ட ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் பட்சிராஜாவை வளர்த்தார். ‘ஏழை படும் பாடு’ அங்கிருந்து வந்தது. அவரே இயக்கிய ‘மலைக்கள்ளன்’ 1954இல் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைத் தமிழுக்கு முதலில் கொண்டுவந்தது. வழக்கில் பெயர் அடிபட்டது அவருக்கும்தான். ஸ்டூடியோ வைத்திருந்தவருக்கு அது இடறலாகவே இருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது கிருஷ்ணன் வென்றார், பாகவதர் தோற்றார் என்று கணக்கு முடித்துவிடவும் முடியாது. கிருஷ்ணன் 1951இல் ‘மணமகள்’ எடுத்தார், ‘ராஜா ராணி’யில் சிரிப்பைப் பற்றி விதம் விதமாகச் சிரித்தே ஒரு பாட்டுப் பாடினார், ‘மதுரை வீரன்’ போன்ற பெரிய படங்களில் மதுரத்தோடு வந்தார். ஆனால் நகைச்சுவைக்குப் புதிய ஆட்கள் வந்துவிட்டார்கள். அவரிடம் பயின்ற தங்கவேலு ஒருபக்கம், ஜே.பி. சந்திரபாபு ஒருபக்கம். சம்பாதித்ததை அவர் வாரிக் கொடுத்தார் என்பதற்குக் கதைகள் ஏராளம். பாதி மிகையென்று தள்ளினாலும், 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் அவர் இறந்தபோது வீட்டில் செல்வம் இருக்கவில்லை. ஐம்பதைத் தொடவில்லை. அவருடைய நினைவு வாழ்ந்ததற்கு அவர் சேர்ந்திருந்த அரசியல் நட்புகளும் உதவின. தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 பொங்கல் நாளில் திறந்துவைத்தவர் முதலமைச்சர் அண்ணா. நோய் முற்றிய நிலையில் அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. பாகவதருக்காக அப்படி வந்து நிற்க ஆட்சியில் யாரும் இருக்கவில்லை.

அதே 1957இல் பாகவதர் தாமே இயக்கி நடித்த ‘புதுவாழ்வு’ வெளியாகித் தோற்றது. நீரிழிவு உடலைத் தின்றது, கண்பார்வையும் குன்றியது. இருந்தும் கச்சேரிக்கு அழைத்த ஊர்களுக்கெல்லாம் போனார். பழைய ரசிகர்கள் திரையரங்குக்கு வராவிட்டாலும் கோயில் திருவிழாப் பந்தலுக்கு வந்தார்கள் என்பதை, அவரைப் பற்றிப் புலம்பி எழுதுகிறவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. சினிமா அவருக்கு மேடையிலிருந்து கிடைத்த உபரி. அந்த உபரி போனபின் அவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் பாடிக்கொண்டிருந்தார். 1959 நவம்பர் 1ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் இறந்தபோது, கடைசிப் படமான ‘சிவகாமி’ இன்னும் வெளிவந்திருக்கவில்லை. மறு ஆண்டு வந்தது.